உடலின் திரட்சியை எழுதுவது: ‘திரண்ட’ என்னும் சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் மாதம் இருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலையில், சிறுகதை எழுதிப் பழகும் சிலர் கூடி ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கிறோம். பாலக்கோடு, அரூர், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி ஆகிய ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். அங்கே கதைக்கருவைப் பற்றிய பேச்சு விரைவில் முடிந்துவிடுகிறது. ஒரு மனிதரின் உடலை எந்தச் சொல்லால் எழுதுவது என்ற பேச்சுதான் மதியச் சாப்பாட்டு நேரத்தையும் தாண்டிப் போகிறது. அதிலும் ‘திரண்ட’ என்ற ஒரு சொல் ஏறக்குறைய எல்லாருடைய கையெழுத்துப் படியிலும் இருக்கிறது. திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

‘திரண்ட’ என்பதன் பொருள் என்ன? ‘உருண்ட’, ‘பருத்த’ என்பவற்றிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது?

சிதறிப் பரவியிருப்பவை ஒன்றுகூடிக் கெட்டிப்படுவதே திரளுதல். தயிரைக் கடையும்போது, கண்ணுக்குத் தெரியாமல் எங்கும் கலந்திருக்கும் கொழுப்புத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி வெண்ணெயாக மேலே வருகின்றன. அதைத் திரள்வது என்கிறோம். ‘வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தாற்போல’ என்ற பழமொழியின் வலி, அத்தனை நேரம் கடைந்த கையின் வலியும் சேர்ந்ததுதான். மேகம் திரள்கிறது, கூட்டம் திரள்கிறது, கண்ணில் நீர் திரள்கிறது. சிறுமி பூப்படைவதையும் திரளுதல் என்று சொல்லும் வழக்கு தமிழில் உண்டு. பலருடைய பாடல்களைச் சேர்த்துக் கட்டிய நூலைத் திரட்டு என்கிறோம். இத்தனை இடங்களிலும் இரண்டு குறிப்புகள் மாறாமல் நிற்கின்றன: உள்ளே இருப்பது ஒன்றுகூடி வருகிறது, அதற்குக் காலம் பிடிக்கிறது.

உருண்டைக்கு இந்த இரண்டும் வேண்டியதில்லை. கேழ்வரகுக் களியைத் துடுப்பால் கிண்டி இறக்கி, கையை நீரில் நனைத்துக்கொண்டு உருட்டுகிறோம். களிக்கு அந்த வடிவத்தைக் கொடுத்தது கை. கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள குன்றுகளில் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் பாறைகள் உருண்டையாக இருப்பதற்குக் காரணம் வேறு. வெயிலும் மழையும் ஒரு கல்லின் மூலையைப் பல பக்கங்களிலிருந்தும் தாக்குவதால் மூலைகளே முதலில் தேய்கின்றன; நெடுங்காலத்தில் கல் உருண்டையாகிறது. ஒகேனக்கல்லில் ஓடும் பரிசல் வட்டமாக இருப்பதோ மூங்கில் பிளாச்சுகளை வளைத்துப் பின்னியதால். உருட்டியது, தேய்ந்தது, வளைத்தது, திரண்டது என்று நான்கு வகை வட்டங்களை நம் பகுதிக்குள்ளேயே ஒரு நாளில் பார்த்துவிடலாம். நான்கையும் ‘உருண்டையான’ என்ற ஒரே சொல்லில் அடைப்பவருக்கு நான்கும் ஒன்றாகவே தெரியத் தொடங்கிவிடும் என்பதுதான் என் கவலை.

‘உருண்டு திரண்ட’ என்று நாம் இணைத்துச் சொல்லும்போது முதல் சொல் புறவடிவையும் இரண்டாவது சொல் அகத்தேயிருந்து வந்த கெட்டியையும் சொல்கிறது. ‘பருத்த’ என்பது வெறும் அளவு. மரத்தின் அடி பருத்திருக்கலாம், நூல் பருமனாக இருக்கலாம். ‘பரியது கூர்ங்கோட்டது ஆயினும் யானை வெரூஉம்’ என்று குறள் சொல்லும் இடத்தில் அந்த அளவுதான் வேண்டியிருக்கிறது: இவ்வளவு பெரிய உடலும் கூரிய கொம்பும் இருந்தும் புலி தாக்கினால் யானை அஞ்சுகிறது என்ற பேச்சில், யானையின் உடல் எப்படி வந்தது என்ற கேள்விக்கு இடமில்லை.

பழைய பாடல்களில் இந்தச் சொல் உடலுக்கு வந்திருக்கிறதா?

உடலுக்கும் வந்திருக்கிறது, உடலல்லாதவற்றுக்கும் வந்திருக்கிறது. எனக்கு மிகவும் நெருக்கமான இடம் நம் ஊரோடு தொடர்புடையது என்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

இன்றைய தருமபுரிதான் அதியமான் ஆண்ட பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவன் காட்டிய படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாடல். ‘இவ்வே, பீலி அணிந்து, மாலை சூட்டிக், கண்திரள் நோன்காழ் திருத்தி, நெய்யணிந்து’ என்று தொடங்குகிறது. தொண்டைமானின் வேல்களுக்கு மயிற்பீலி, மாலை, திரண்ட வலிய காம்பு, நெய்ப்பூச்சு, காவலுள்ள பெரிய மாளிகை. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறிய கொட்டிலில் கிடக்கின்றன. ‘திரள்’ என்ற சொல் இங்கே பயன்படாமல் பளபளப்பாக இருக்கும் வேலுக்குப் போயிருக்கிறது. சொல் உயர்ந்த சொல்தான், காம்பும் நல்ல காம்புதான். ஆனால் பாட்டு முழுவதையும் கேட்டவருக்கு அந்தத் திரட்சி புகழாக ஒலிப்பதில்லை. ஒரு பெயரடைக்கு நாம் அகராதியில் பார்க்கும் மதிப்பு ஒன்று, அதன் அருகே எதை வைக்கிறோம் என்பதால் கிடைக்கும் மதிப்பு வேறொன்று என்பதை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் கற்றதில்லை.

அதே ஔவையார் அதியமானின் உடலை நேராகச் சொல்லவேண்டிய இடத்தில், 88ஆம் பாடலில், ‘முழவுத்தோள் என்னை’ என்கிறார். ‘என்னை’ என்றால் என் தலைவன். முழவு திரண்டிருப்பது மட்டுமன்று; அதன் தோல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது, கை பட்டால் அது அதிர்கிறது. வடிவம், இறுக்கம், ஒலி ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் தோளின்மேல் வந்து அமர்கின்றன. பகைவரைப் பார்த்து, அவனைக் காண்பதற்கு முன்னால் வீரம் பேசாதீர்கள் என்று எச்சரிக்கும் பாடல் அது. தோள் அங்கே அழகுக்காக வரவில்லை, எச்சரிக்கையின் காரணமாக வருகிறது.

அப்படியானால் ‘திரண்ட தோள்கள்’ என்று இன்றும் எழுதலாம் அல்லவா?

எழுதலாம், அந்தத் தோளில் எது திரண்டது என்பதை எழுதுகிறவர் அறிந்திருந்தால். எங்கள் கூட்டத்துக்கு வந்த இளைஞர் ஒருவர், வங்கியில் கணக்கு எழுதும் நாயகனுக்குத் ‘திரண்ட தோள்களும் பரந்த மார்பும்’ கொடுத்திருந்தார். அந்தத் தோள் எப்படித் திரண்டது என்று கேட்டேன். அவருக்கு விடை தெரியவில்லை. கதைநாயகனுக்குத் தோள் அப்படித்தானே இருக்கவேண்டும் என்றார். அடுத்த கூட்டத்துக்கு அவர் திருத்திக் கொண்டுவந்த படியில், நாயகன் கல்லூரி முடிக்கும்வரை ஒவ்வொரு கோடையிலும் காவேரிப்பட்டணத்துச் சாலையோர மண்டியில் தோத்தாபுரி மாங்காய்க் கூடைகளை லாரியில் ஏற்றியவன் என்று ஒரு பத்தி சேர்ந்திருந்தது. வங்கியில் கோப்புக் கட்டைத் தூக்கும்போதும் அவன் பழக்கத்தால் இடது தோளைத்தான் கொடுக்கிறான் என்று ஒரு வரியும் இருந்தது. ‘திரண்ட’ என்ற சொல்லை அவரே அடித்துவிட்டிருந்தார். அந்த வரிக்குப் பிறகு அது தேவைப்படவில்லை. அதை அவர் வைத்திருந்தாலும் நான் தடுத்திருக்கமாட்டேன். இப்போது அந்தச் சொல்லுக்குக் கீழே மாங்காய்க் கூடையின் பாரம் இருந்தது.

‘குண்டு’ என்ற சொல்லை எழுத்தில் பயன்படுத்தலாமா?

பொருளைப் பொறுத்தவரை அது இனிய சொல். குண்டுமல்லி, குண்டுமிளகாய், குண்டுக் கத்திரிக்காய் என்று சந்தையில் அது பாராட்டாகவே ஒலிக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு மல்லி பறிப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள்; மொட்டு குண்டாக இருந்தால்தான் விலை. மனிதர்மேல் வைக்கும்போது மட்டும் அதே சொல் பட்டப்பெயராகி, பள்ளி முடிந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒருவரைத் துரத்துகிறது. ஆகவே ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்தைக் ‘குண்டு’ என்று அழைத்தால் அது கதையின் ஒரு நிகழ்ச்சி. அழைத்தவரின் குணமும் அழைக்கப்பட்டவரின் முகமும் அங்கே தெரியவேண்டும். கதை சொல்பவர் தம் குரலில் அதே சொல்லைச் சொன்னால், கதைசொல்லியே வகுப்பறையின் பின்வரிசையில் உட்கார்ந்து கேலி செய்தது போலாகும். குழந்தைகளுக்கான கதைகளில் இதை மிகக் கண்டிப்பாகப் பார்க்கவேண்டும் என்று நான் நினைக்கிறேன். குண்டான பையன் என்றால் எப்போதும் தின்பவன், எப்போதும் விழுபவன் என்று எழுதிப் பழகியிருக்கிறோம். அந்தக் கதையைப் படிக்கும் வகுப்பில் அப்படி ஒரு பையன் கட்டாயம் இருப்பான்.

‘கொழுத்த’ என்பது?

தமிழில் கொழுப்பு உடம்பிலும் இருக்கிறது, பேச்சிலும் இருக்கிறது. ‘அவனுக்குக் கொழுப்பு அதிகம்’ என்றால் எடையைப் பற்றிச் சொல்லவில்லை, திமிரைப் பற்றிச் சொல்கிறோம். ஆகவே ‘கொழுத்த மனிதர்’ என்று எழுதிய உடனே அவருக்கு எதிராகத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. நான் எழுதத் தொடங்கிய காலத்தில் வட்டிக்குப் பணம் கொடுப்பவர், நில உடைமையாளர், தரகர் எல்லாருக்கும் இந்தச் சொல்லையே கொடுத்தேன். வாசகர் அவர்களை வெறுக்கவேண்டும் என்பதற்கு நான் செய்த வேலை அவ்வளவுதான். ஒருவர் பிறரை என்ன செய்கிறார் என்பதை எழுதாமல், அவர் வயிற்றைக் காட்டிக் குற்றத்தை நிறுவுவது எழுத்தாளர் செய்யும் அநீதி என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். எங்கள் பகுதியில் மிகக் கடுமையாக வட்டி வாங்கிய ஒருவர் எலும்பும் தோலுமாகத்தான் இருந்தார்.

விலங்குகளுக்கும் பயிர்களுக்கும் வரும்போது இந்தச் சொல்லின் முகம் மாறிவிடுகிறது. தன் பெயரை மறந்த ஈ ஒன்று ‘கொழு கொழு கன்றே, கன்றின் தாயே’ என்று கேட்டுக்கொண்டே போகும் கதையை நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்தோம். அங்கே கன்றின் கொழுமை தாய்ப்பசுவுக்குப் பால் இருப்பதன் சாட்சி. எருது விடும் விழாவுக்காக ஆண்டு முழுவதும் பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றி வளர்த்த காளையைக் ‘கொழுத்த காளை’ என்று சொன்னால் அதை வளர்த்தவர் மகிழ்வார்.

கொழுகொழு, மொழுமொழு, தளதள போன்ற இரட்டைச் சொற்களை எப்போது எழுதுவது?

இவை கண்ணுக்கு முன்பே கைக்கு வரும் சொற்கள். ‘மொழுமொழு’ என்று சொல்லும்போது நாக்கு மடங்கி வழுக்குவதைக் கவனியுங்கள். எலும்பின் முட்டு எங்கும் படாத குழந்தையின் தொடையைத் தடவிய கை அந்த ஒலிக்குள் இருக்கிறது. தொட்டுத் தூக்கும் உரிமை உள்ளவரின் பார்வையில் மட்டுமே இவை பொருந்தும் என்பது என் கருத்து. பாட்டி பேரனைச் சொல்லலாம். முன்பின் அறியாத பெண்ணைப் பேருந்தில் பார்க்கும் ஆண் பாத்திரத்தின் மனத்தில் ‘தளதள’ என்று ஒரு சொல் எழுந்தால், அவன் மனத்தில் தொட்டுவிட்டான் என்று பொருள். அதைத் தெரிந்து எழுதினால் அது அவனைப் பற்றிய செய்தி, தெரியாமல் எழுதினால் எழுதியவரைப் பற்றிய செய்தி. ‘பொதபொத’ என்பதில் நீர் கோத்த தளர்ச்சி இருக்கிறது. நோயுற்ற காலில் விரல் அழுந்தி எழாத குழியை எழுதவேண்டிய இடத்துக்கு அதை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

‘பூசினாற்போல’ என்பது எல்லாருக்கும் பிடித்த சொல்லாக இருக்கிறதே?

ஆம், அது நயமான சொல். சுவரில் செங்கல் வரிசை தெரியாத அளவுக்குப் பூச்சு இருப்பதைப் போல, எலும்பு தெரியாத அளவுக்குச் சதை. ‘ஒல்லியும் இல்லை, தடியும் இல்லை, பூசினாற்போல இருப்பாள்’ என்று பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொல்வார்கள். அதனாலேயே அந்தச் சொல்லில் கல்யாணச் சந்தையின் வாசனை ஒட்டியிருக்கிறது. அந்த வாசனை வேண்டிய இடத்தில் எழுதுங்கள்.

பெண்ணின் உடலை வருணிக்கும்போது இந்தச் சொற்களைப் பயன்படுத்துவது தவறா?

இந்தக் கேள்வி பெரும்பாலும் சற்றுத் தற்காப்பான குரலில் வரும். வருணனை தவறு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சங்கப் பாடல்களில் பணைத்தோள் இருக்கிறது, வேய்த்தோள் இருக்கிறது. மூங்கிலின் திரட்சியைப் பெண்ணின் தோளில் கண்டவர்கள் நம் முன்னோர். ஆனால் அங்கே பார்ப்பவர் யார் என்பது எப்போதும் தெரியும். தலைவன் பார்க்கிறான், தோழி பார்க்கிறாள், தாய் பார்க்கிறாள். ஒவ்வொருவருக்கும் தோள் ஒவ்வொன்றாகத் தெரிகிறது: தலைவனுக்கு அது தூங்கிய இடம், தோழிக்கு அது மெலிந்ததால் ஊர் அறிந்துவிடுமோ என்ற அச்சம்.

நம் கதைகளில் பார்ப்பவர் இல்லாமலேயே பார்வை வந்துவிடுகிறது. ஒரு கூட்டத்தில் படிக்கப்பட்ட கதையில், புளிக் கிடங்கில் வேலை செய்யும் நடுத்தர வயதுப் பெண் உள்ளே நுழைகிறார். முதல் நான்கு வரிகளும் அவருடைய உடலின் திரட்சியைப் பற்றியே இருந்தன. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் வயதில் மூத்த அம்மா ஒருவர், தாமே பல ஆண்டுகள் புளி தட்டியவர், “இப்ப அங்க யாருப்பா இருக்காங்க? இவளை யாரு பாக்கறாங்க?” என்று கேட்டார். கதையின்படி அந்தக் கிடங்கில் அந்த நேரத்தில் அந்தப் பெண்ணைத் தவிர யாரும் இல்லை. எழுதியவர் வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் அந்த அம்மா சொன்னது இன்னும் முக்கியமானது: காலையிலிருந்து சம்மணமிட்டு உட்கார்ந்து ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைத் தட்டி எடுத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்குத் தன் உடம்பு மடிந்த முழங்காலாகவும் மரத்துப்போன தொடையாகவும்தான் நினைவுக்கு வரும், தன் இடுப்பு வெளியிலிருந்து எப்படித் தெரியும் என்ற எண்ணம் வரவே வராது.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். அந்த வரியில் யாருடைய கண் திறந்திருக்கிறது என்று எழுதும்போது உங்களுக்குத் தெரியவேண்டும். கணவன் ஆசையோடு பார்க்கும் வரியை நான் வெட்டச் சொல்லமாட்டேன். அந்த ஆசை அவனுடையது, அவன் அதற்குப் பொறுப்பேற்பான்.

பெயரடையே இல்லாமல் உடலின் திரட்சியைக் காட்ட முடியுமா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த வழி அதுதான்: உடலைத் தொடும் பொருளை எழுதுவது. வளையல், கட்டில், நாற்காலி, சட்டைப் பொத்தான், மோதிரம், சைக்கிளின் பின்சக்கரம் எல்லாம் நமக்காக உடலை அளந்து வைத்திருக்கின்றன.

குறளில் உறுப்புநலன் அழிதல் என்ற அதிகாரத்தில் ‘பணைநீங்கிப் பைந்தொடி சோரும்’ என்று வருகிறது. பணை என்பது தோளின் பருமை. துணைவர் பிரிந்ததால் தோள் தன் திரட்சியை இழந்தது. வளை கழன்று சரிகிறது. தோள் எவ்வளவு திரண்டிருந்தது என்பதை அது போன பிறகுதான் நாம் அறிகிறோம், அதையும் வளைதான் சொல்கிறது. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் ஆறு மாதம் கழித்து ஊர் திரும்பும் ஒருவரை எழுத நேர்ந்தால் இந்தக் குறளை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் இடுப்பு வாரில் ஆணியால் குத்திய புதுத்துளை ஒன்று போதும். அதை வாசற்படியிலேயே பார்த்துவிடும் அம்மா இருந்தால் இன்னும் நல்லது.

ஒகேனக்கல்லை வைத்து நான் எழுதிக் காட்டும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ‘பருத்த உடல் கொண்ட பெரியவர் பரிசலில் ஏறினார்’ என்பது ஒரு வரி. இதோ இன்னொன்று: ‘பெரியவர் கால் வைத்ததும் பரிசல் அவர் பக்கமாகச் சாய்ந்தது, ஓட்டுபவர் ஒன்றும் சொல்லாமல் எதிர்ப்பக்கம் இருந்த இரண்டு பையன்களை இன்னும் ஓரமாக உட்காரச் சொன்னார், பெரியவர் அதைப் பார்க்காதது போல ஆற்றைப் பார்த்தார்.’ இரண்டாவதில் எடை, ஓட்டுபவரின் பழக்கம், பெரியவரின் கூச்சம் மூன்றும் வந்துவிட்டன. பரிசல் வட்டமாக, அடிதட்டையாக இருப்பதால் எடை ஒருபக்கம் கூடினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும் என்பது அதில் ஏறியவர் அனைவருக்கும் தெரியும். அந்த அறிவை வாசகரிடமிருந்தே கடன் வாங்கிக்கொள்ளலாம்.

தருமபுரி அகழ்வைப்பகத்தில் உள்ள நடுகற்களையும் பார்த்துவிட்டு வருமாறு புதிதாக எழுதுபவர்களிடம் சொல்வது வழக்கம். வீரனின் உருவம் அங்கே தட்டைக் கல்லிலிருந்து சற்றே மேலெழும்பி நிற்கும். புடைப்புச் சிற்பம் என்று சொல்கிறோம். முழு உடலையும் கல்லிலிருந்து விடுவித்து எடுக்கவில்லை. வில் பிடித்த கை, முன்வைத்த கால் என்று வேண்டியது மட்டும் புடைத்திருக்கிறது, மற்றது கல்லோடு கல்லாகவே இருக்கிறது. ஒரு பத்திக்குள் ஒரு மனித உடலை எழுப்புவதற்கு அந்தச் சிற்பியின் சிக்கனம் நல்ல வழிகாட்டி.

வயதானவரின் வயிற்றை ‘தொந்தி’ என்று எழுதினால் கேலியாகிவிடுமா?

பிள்ளையாரின் தொந்தியை நாம் கேலியாகவா சொல்கிறோம்? ஔவையார் பாடியதாக வழங்கும் விநாயகர் அகவலில் ‘பேழை வயிறும் பெரும்பாரக் கோடும்’ என்று வருகிறது. (சங்ககால ஔவையும் அகவல் பாடிய ஔவையும் வேறு காலத்தவர், பெயர் ஒன்றாக இருப்பதால் நம் ஊரில் பலரும் ஒருவராகவே நினைத்திருக்கிறார்கள்.) பேழை என்றால் பெட்டி, விலையுள்ளதை வைத்துப் பூட்டும் பெட்டி. வயிறு எவ்வளவு பெரியது என்பதை விட்டுவிட்டு, எதையோ காப்பதாக அதைக் காட்டியதால் பருமனுக்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது. தாத்தாவின் வயிற்றின்மேல் தலைவைத்துக் கதை கேட்கும் பேத்தியின் வழியாகச் சொன்னால், தொந்தி என்ற சொல் ஒருவரையும் புண்படுத்தாது.

உரையாடலில் நம் பகுதியின் பேச்சை எவ்வளவு விடலாம்?

தாராளமாக. கதைசொல்லியின் குரலுக்கு நான் விதிக்கும் கட்டுப்பாடுகள் பாத்திரங்களின் வாய்க்குக் கிடையாது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறார்கள். தெலுங்கில் ‘லாவு’ என்றும் கன்னடத்தில் ‘தப்ப’ என்றும் பருமனைச் சொல்வார்கள். மூன்று மொழியும் தெரிந்த பாட்டி, பேத்திக்குப் புரியக்கூடாது என்று ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டு மருமகளின் உடம்பைப் பற்றிப் பேசுவது ஒரு முழுக் கதைக்கான கரு.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. நம் வீடுகளில் அன்பு பெரும்பாலும் மெலிவின் சொல்லாகவே வருகிறது. விடுதியிலிருந்து வந்த பிள்ளை நன்றாகவே இருந்தாலும் “என்னடா இப்படி எளச்சிட்ட” என்றுதான் அம்மா தொடங்குவாள். நன்றாகச் சதை போட்டிருக்கிறாய் என்று வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும். மழையை நம்பிய மேட்டுநிலத்தில், கேழ்வரகும் சாமையும் பொய்த்த ஆண்டுகளைப் பார்த்த தலைமுறைக்கு உடம்பின் திரட்சி என்பது சேமிப்பு. சேமிப்பு எவ்வளவு என்று யாரும் தெருவில் நின்று சொல்வதில்லை. இதை அறிந்த எழுத்தாளர், ஓர் அம்மா மகனைப் பார்த்து இளைத்துவிட்டாய் என்று சொல்லவில்லை என்பதை வைத்தே வீட்டில் ஏதோ சரியில்லை என்று காட்டிவிடலாம்.

மருத்துவர்கள் சொல்லும் ‘உடல் பருமன்’ என்ற தொடரைக் கதையில் எழுதலாமா?

மருத்துவமனைக் காட்சியில் எழுதலாம். எடையைக் கிலோகிராமில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறை எண். 30 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடல் பருமன் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. அது ஓர் எண்ணுக்கு வைத்த பெயர். மற்ற இடங்களில் அதை எழுதினால் கதைக்குள் திடீரென்று எடை இயந்திரம் வந்து நிற்கும்.

உவமைக்கு மாம்பழம், பூசணி, பாறை என்று எழுதலாமா?

மாம்பழக் கன்னம் என்பதைப் பல்லாயிரம் முறை படித்துவிட்டோம். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு எழுதுபவருக்கு மாம்பழம் என்ற பொதுப்பெயரே போதாது. தோத்தாபுரி நீண்டு நுனி வளைந்திருக்கும்; அதனால்தான் அதைக் கிளிமூக்கு என்கிறோம். அதைக் கன்னத்துக்குச் சொல்ல முடியாது, பிடிவாதக்காரரின் முகவாய்க்குச் சொல்லலாம். பாறையை வலிமைக்குச் சொல்வதில் தடையில்லை. ஆனால் முன்பே சொன்னபடி பாறையின் வட்டம் தேய்ந்து வந்த வட்டம். பல ஆண்டுகள் பிறர் சொல்லையும் அடியையும் தாங்கித் தன் மூலைகளை எல்லாம் இழந்துவிட்ட ஒருவரின் குனிந்த முதுகுக்கு அது எவ்வளவு பொருத்தமாக இருக்கும்! இளைஞனின் புஜத்துக்குப் பாறையைச் சொல்பவர்கள் அந்த உவமையின் உயிரைக் கோட்டைவிடுகிறார்கள்.

ஒரு கதையில் ஒருவரின் உடலை எத்தனை முறை சொல்வது?

ஒருமுறை, உடல் மாறினால் இரண்டாம் முறை.

‘திரண்ட தோள்’, ‘திரட்சியான தோள்’, ‘திரள்தோள்’ இவற்றில் எது சரி?

மூன்றும் பிழையற்றவை, மூன்றும் ஒரே பொருளைத் தருவதில்லை. ‘திரட்சியான’ என்பது பண்பை எடுத்து மேலே ஒட்டுகிறது. உரைநடையில் சற்றுத் தளர்வாக ஒலிக்கும். ‘திரண்ட’ இறந்தகாலப் பெயரெச்சம்: திரளும் வேலை முடிந்துவிட்டது, தோள் இப்போது நிற்கிறது. ‘திரள்தோள்’ வினைத்தொகை. அதில் காலம் மறைந்திருப்பதால் திரண்ட, திரளும், திரள்கின்ற என்ற மூன்றும் உள்ளே இருக்கின்றன. செய்யுளுக்கு அது செல்வம், இன்றைய கதைக்குச் சற்று அயலானது. பலரும் மறந்துவிடுவது ‘திரளும்’ என்ற எதிர்கால வடிவத்தைத்தான். பத்தாம் வகுப்பு முடித்து அப்பாவோடு முதல்முறையாக மாங்காய் இறக்கப் போகும் பையனை எழுதும்போது ‘திரளும் தோள்’ என்று எழுதிப் பாருங்கள். சட்டையின் தோள்பட்டைத் தையல் இன்னும் கீழே தொங்குகிறது.